களவெட்டியில் நெல் என்று சொல்வார்களா?

கதையை வாசித்து முடித்தேன். மண்டபத்தில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள், கைதட்டினார்கள். அதற்கு முன் வகுப்பறையைத் தவிர வேறெங்கும் நின்று பேசியிராத எனக்கு அந்தக் கைதட்டலே பெரிய விடயமாக இருந்தது. தாள்களை மடித்துக்கொண்டு இறங்கப் போனேன். இரண்டாவது வரிசையில் வெள்ளைச் சாரமும் அரைக்கைச் சட்டையுமாக இருந்த முதியவர் ஒருவர் கையை உயர்த்தினார்.

“மகள், ஒன்று கேட்கட்டுமா? உங்கள் கதையில் போடியார் களவெட்டியில் நின்றுகொண்டு ‘நெல்லை அள்ளுங்கள்’ என்கிறார். களவெட்டியில் நின்று யாராவது நெல் என்று சொல்வார்களா?”

களவெட்டி என்றால் அறுத்த கதிரை மிதித்து நெல்லைப் பிரிக்கும் களம், போடியார் என்றால் வயலுக்குரிய பெரியவர் என்பது தெரியும். ஆனால் எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. நெல்லை நெல் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? அவர் எழுந்து நின்று நிதானமாகச் சொன்னார். வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஒரு வட்டையில், அதாவது வயல்வெளியில், போடியாருக்காக வயலைப் பார்த்துக்கொள்ளும் முல்லைக்காரராக முப்பது வருடம் இருந்தவர். மாடு கட்டிச் சூடு மிதித்த காலத்தில் களவெட்டிக்குள் கால் வைத்ததும் பேச்சு மாறிவிடுமாம். வீட்டில் நெல், களத்தில் அது பொலி. மாட்டுக்கும் கருவிகளுக்கும்கூட அங்கே வேறு பெயர்கள். பெயர் சொன்னால் பூதம் கேட்டுவிடும், கேட்டால் விளைச்சலை அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது அந்தக் கால ஆட்களின் பயம். “உங்கள் போடியார் அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால், மகள், நான் ஓடிப்போய் அவருடைய வாயைப் பொத்தியிருப்பேன்” என்றார்.

இது நடந்தது 2013ஆம் ஆண்டு, மட்டக்களப்பு நகரில், புளியந்தீவில் ஒரு பாடசாலை மண்டபத்தில் கூடிய இரண்டு நாள் எழுத்தாளர் ஒன்றுகூடலில். என் ஊர் களுவாஞ்சிகுடி. எழுவான்கரையில், கடற்கரை மணலிலும் தென்னந்தோப்பிலும் வளர்ந்தவள் நான். வாவிக்கு அந்தப் பக்கம் வயல்கள் என்பது தெரியும். ஆனால் நான் கண்ணால் பார்த்த அறுவடை எல்லாம் மெஷின் வந்த பிறகானது. காலையில் வயலுக்குள் இறங்கினால் மாலையில் மூட்டை கட்டிவிடுவார்கள். களவெட்டியைப் புத்தகத்தில் படித்து, அம்மம்மா சொன்ன நாலு சொல்லை அதனோடு சேர்த்து எழுதியிருந்தேன். நான்கு வருடம் அந்தக் கதையை வைத்துத் திருத்தினேன். அத்தனை காலம் என் கண்ணில் படாத பிழை, கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் காதில் பதினைந்து நிமிடத்தில் விழுந்துவிட்டது.

அன்று இரவு தோழி வீட்டில் தங்கினேன். உறக்கம் வரவில்லை. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு கொஞ்சம் கோபமும் வந்தது: கதையில் எத்தனையோ இருக்க, ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாரே என்று. விடியற்காலையில்தான் அது தோன்றியது. கதையில் கொழும்பில் படித்துவிட்டு வந்த பேரன் ஒருவன் இருந்தான். சும்மா ஒரு மூலையில் நின்றான். அவனே களத்தில் நின்று ‘நெல்’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால்? எல்லோர் கையும் நின்றுவிடும். தாத்தா சுளகைக் கீழே வைத்துவிடுவார். அதுவரை இரண்டு பக்கத்தில் விளக்கி விளக்கிச் சொல்லியும் வராத விலகல், அந்த ஒரு சொல்லில் வந்துவிட்டது. எழுந்து, அந்த வீட்டுப் பிள்ளையின் கொப்பியில் பின்பக்கத் தாளைக் கிழித்து எழுதினேன். இன்றைக்கும் நான் எழுதியதில் எனக்குப் பிடித்த கதை அதுதான்.

எங்கள் பாடசாலையில் புதிதாக வந்திருக்கும் இளம் ஆசிரியை ஒருத்தி கவிதை எழுதுகிறாள், நன்றாகவே எழுதுகிறாள். அடுத்த மாதச் சந்திப்புக்கு வா என்று கூப்பிட்டேன். “அங்கே வந்து என்ன கிடைக்கும் அக்கா? எழுதுவது வீட்டில் இருந்துதானே?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆசிரியர் அறையில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் அதற்கு இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எழுதுவது வீட்டில் இருந்துதான். ஆனால் எழுதியதை அவைக்குக் கொண்டுபோவது நம் மொழியில் எழுத்தளவு பழைய வழக்கம். தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம், நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையில் அதங்கோட்டாசான் கேட்க அந்த நூல் அரங்கேறியதைச் சொல்கிறது. எழுதியவர் பெயரோடு கேட்டவர் பெயரையும் நூலின் வாசலில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். அச்சுப் புத்தகம் வந்த பிறகு அரங்கேற்றம் போய் வெளியீட்டுவிழா வந்துவிட்டது. வெளியீட்டுவிழாவில் எல்லாம் முடிந்துவிட்ட புத்தகத்தைத்தான் புகழ முடியும். திருத்த முடியாது.

நம் மண்ணின் பெரியவர் ஒருவரையே எடுத்துக்கொள்ளலாம். 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர், 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். தமிழில் விஞ்ஞானம் படிப்பிக்க எனக்குச் சொற்கள் இருக்கின்றன என்றால், அப்படிப்பட்ட அறைகளில் பலர் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பார்த்ததனால்தான் இருக்கின்றன. யாழ் நூலையும் அவர் எழுதி அச்சுக்குக் கொடுத்ததோடு விட்டுவிடவில்லை. 1947இல் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில், அறிஞர்கள் முன்னிலையில் அரங்கேற்றினார். அடுத்த மாதமே, ஜூலையில், மறைந்தார். கல்லடியில் சிவானந்த வித்தியாலய வளவில் அவருடைய சமாதியைக் கடந்து போகும்போது, உடல் தளர்ந்திருந்த அந்த மனிதர் தன் நூலோடு அவை முன் போய் உட்கார்ந்ததை நினைத்துக்கொள்வேன்.

எங்கள் கரையில் இது கோயிலோடும் கல்லூரியோடும் நின்றதில்லை. 1960களில் பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணனைச் சுற்றி கல்முனைப் பகுதியின் தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் கூடினார்கள். எம்.ஏ.நுஃமான், மருதூர்க்கொத்தன் எல்லாம் அந்த வட்டத்தில் இருந்தவர்கள். நுஃமான் பிற்காலத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். ஆனால் அவருடைய கவிதைக்கு முதல் அவை கல்முனையில் கூடிய அந்த நண்பர்கள்தான் என்றே நான் நினைக்கிறேன். கவியரங்குகளில் ஒருவர் வாசித்ததற்கு இன்னொருவர் அங்கேயே பதில் பாடுவார் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பிறகு போரும் தமிழ், முஸ்லிம் மோதல்களும் வந்து, எங்கள் கரையோர வீதி துண்டு துண்டாகிப் போனது. 1985க்குப் பிறகும், அதைவிட மோசமாக 1990க்குப் பிறகும், ஊருக்கு ஊர் போவதே பயமாகிவிட்டது. களுவாஞ்சிகுடியில் பஸ் ஏறினால் ஓந்தாச்சிமடம், கோட்டைக்கல்லாறு, பெரியகல்லாறு, பெரியநீலாவணை, அடுத்தது முஸ்லிம் ஊரான மருதமுனை. அரை மணித்தியாலப் பயணம். அந்த அரை மணித்தியாலத் தூரத்தில் யார் என்ன எழுதுகிறார்கள் என்று தெரியாமலே என் இளமைக்காலம் முழுவதும் போய்விட்டது. யாழ்ப்பாணத்து எழுத்தாளர்களைத் தெரியும், தமிழ்நாட்டு எழுத்தாளர்களைத் தெரியும். மருதமுனையில் ஒருவரையும் தெரியாது. இதை எழுதும்போதும் எனக்கு மனம் கனக்கிறது.

அந்த 2013ஆம் ஆண்டு ஒன்றுகூடலில் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் மருதமுனைக்காரர். நெசவுக் குடும்பம். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் ராத்தா என்று கூப்பிடுகிறேன், அவர் என்னைத் தங்கச்சி என்கிறார். மதியச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தபடி அவர் சொன்ன கதையை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன், இங்கும் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது, வீட்டோடு அவருடைய கவிதைக் கொப்பிகள் எல்லாம் போயின. இருபது வருடத்து எழுத்து. உயிர்கள் போன நேரத்தில் கொப்பிக்கு அழக்கூடாது என்று நினைத்து, அதை யாரிடமும் சொல்லாமலே இருந்துவிட்டார். எழுதுவதையும் விட்டுவிட்டார்.

அதற்கு முந்திய வருடம், சமாதான காலத்தில், கல்முனையில் நடந்த ஒரு சிறிய கூட்டத்தில் ஒன்பது கவிதைகளை வாசித்திருந்தார். அப்போது யாரோ “இதை ஒரு கொப்பி எடுத்துத் தரலாமா?” என்று கேட்டு, பக்கத்துக் கடையில் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். யார் என்பதே ராத்தாவுக்கு மறந்துவிட்டது. நாங்கள் சந்தித்ததற்கு அடுத்த வருடம், ஏறாவூரில் இருந்து வந்திருந்த ஓர் ஆசிரியர் கூட்டம் தொடங்குமுன் ராத்தாவைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பைல். அதற்குள் மஞ்சள் பூத்த ஆறு தாள்கள். மூன்று கவிதைகள் கிடைக்கவில்லை, ஆறு கிடைத்தன. ராத்தா தன் கையெழுத்தைப் பார்த்தார். தறி பற்றிய ஒரு கவிதையில் ‘ஊடு’ என்று எழுதி வெட்டி, மேலே ‘பாவு’ என்று மாற்றியிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அன்று அவர் கூட்டத்தில் ஒன்றும் பேசவில்லை. அடுத்த சந்திப்புக்குப் புதுக்கவிதை ஒன்றோடு வந்தார்.

சந்திப்புக்குப் போனால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு அந்த ஆறு தாள்களைத்தான் நான் முதலில் சொல்வேன். நம் எழுத்தின் பிரதி நம்மிடம் மட்டும் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை இந்தக் கரையில் வாழ்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தைப் பற்றியும் ஒரு சந்திப்பின் தேநீர் இடைவேளையில்தான் அறிந்தேன். அப்பாவின் பெட்டியில் கிடந்த பழைய பாடசாலை மலர்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட இருந்தேன். போடவில்லை.

இனி, தொழில் சார்ந்த விடயங்கள். இவற்றை யாரும் மேடையில் சொல்வதில்லை. பிளேன்டீக் கோப்பையோடு வெளியே நிற்கும்போதுதான் சொல்வார்கள். என் முதல் தொகுப்பு தொண்ணூற்றொன்பது பக்கம் வந்திருந்தது. அச்சகம் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் தாள்களைப் புரட்டிவிட்டு, “தங்கச்சி, பதினாறு பதினாறு பக்கமாகத்தான் அச்சாகும். 96இல் நிறுத்தினால் ஆறு மடிப்பு. மூன்று பக்கத்துக்காக ஏழாவது மடிப்புக்குக் காசு கொடுக்கப் போகிறீர்களா? இந்த மூன்று அணிந்துரையும் எதற்கு?” என்று கேட்டார். உண்மையிலேயே எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை. இரண்டு அணிந்துரைகளை எடுத்தேன். புத்தகம் 96 பக்கத்தில் அமர்ந்தது. பிறந்த மண்ணின் பெருமை பேசும் அணிந்துரைகள் புத்தகத்துக்கு எதையும் சேர்ப்பதில்லை என்பது என் உறுதியான கருத்து. அதை அன்றைக்குத்தான் துணிந்து ஒப்புக்கொண்டேன். சர்வதேச நூல் எண்ணைத் தேசிய நூலகத்தில் நாமே விண்ணப்பித்துப் பெறலாம், இலங்கைப் புத்தகங்களில் அது 978-955 என்றோ 978-624 என்றோ தொடங்கும் என்பதெல்லாம்கூட அங்கே பொறுக்கியதுதான்.

எழுத்துருப் பிரச்சினையும் அப்படியே. எங்கள் பகுதியில் தட்டச்சு செய்து தருபவர்கள் பலர் இன்றும் பாமினியில்தான் செய்கிறார்கள். வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றுக்கு நான் அனுப்பிய கதை, அங்கே திறந்தபோது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்திருக்கிறது. அவர்கள் பதில் போடவில்லை. கதை பிடிக்கவில்லை போலும் என்று ஆறு மாதம் வருந்தினேன். ஒருங்குறிக்கு மாற்றிய பிறகுதான் அனுப்ப வேண்டும், மாற்றிய பின் ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு சந்திப்பில் பல்கலைக்கழக மாணவன் ஒருவன் பத்து நிமிடத்தில் செய்து காட்டினான். அதே கதை பிறகு அச்சானது.

எல்லாச் சந்திப்பும் இப்படி இருப்பதில்லை. ஒருமுறை கொழும்பில் ஒரு பெரிய நிகழ்வுக்கு அழைப்பு வந்தது. நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு நேரே பதினைந்து நிமிடம் என்று இருந்தது. லீவு எழுதிக் கொடுத்து, இரவு ரயிலில் உட்கார்ந்தபடியே போனேன். தொடக்க விழா ஒரு மணித்தியாலம் என்றார்கள். மூன்று மணித்தியாலம் ஓடியது. பொன்னாடை, மாலை, வாழ்த்துரை, வாழ்த்துரைக்கு நன்றியுரை. எங்கள் அமர்வு தொடங்கும்போது மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்க நேரமாகிவிட்டது. “மூன்று நிமிடத்தில் முடியுங்கள்” என்று துண்டு வந்தது. கதையின் முதல் பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு இறங்கினேன். தூர இடங்களில் இருந்து பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவர்களின் நேரத்தை இப்படிச் செலவழிப்பது பெரிய அநியாயம். அன்றிலிருந்து அழைப்பிதழ் வந்தால் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: விருந்தினர் பெயர்கள் அதிகமா, வாசிப்பவர்கள் பெயர்கள் அதிகமா?

ஆனாலும் அந்தப் பயணம் வீண்போகவில்லை. திரும்பும்போது பாடும்மீன் ரயிலில் எதிர் இருக்கையில் அதே நிகழ்வுக்கு வந்திருந்த சிங்கள மொழிபெயர்ப்பாளர் ஒருவர். பொலன்னறுவைக்குப் போகிறவர், தமிழ் நன்றாகப் பேசினார். “முதல் பக்கம் கேட்டேன். மிச்சம் என்ன ஆனது?” என்று கேட்டார். மாகோ தாண்டும்வரை மிச்சக் கதையை வாசித்தேன். ஒரு வருடம் கழித்து அதைச் சிங்களத்தில் பெயர்த்தார். இடையில் எத்தனை தொலைபேசி அழைப்புகள்! மச்சாள் என்ற சொல்லை எப்படிக் கொண்டுபோவார் என்று நான் பயந்தேன். மாமன் மகளுக்கும் அண்ணன் மனைவிக்கும் சேர்த்துச் சிங்களத்தில் ‘நேனா’ என்று ஒரே சொல் இருக்கிறது என்று சிரித்தார். மாறாக, நான் யோசிக்கவே யோசிக்காத ‘போடியார்’ அவரை மூன்று வாரம் வாட்டியது. நிலச் சொந்தக்காரரா, ஊர்ப் பெரியவரா, முதலாளியா? அவருக்குச் சொல்லப்போய்த்தான் என் போடியாரை எனக்கே முழுதாகத் தெரியவில்லை என்பதை உணர்ந்து, படுவான்கரை முல்லைக்காரர் ஐயாவைத் தொலைபேசியில் பிடித்தேன்.

கேட்கிறவர் சொல்வதையெல்லாம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஒரு சந்திப்பில் மரியாதைக்குரிய மூத்தவர் ஒருவர், என் பாத்திரங்கள் பேசும் மட்டக்களப்புப் பேச்சை எடுத்துவிட்டு ‘நல்ல தமிழில்’ பேச வைக்கும்படி சொன்னார். அப்போதுதான் எழுந்து, முடியாது சேர் என்று சொன்னேன். என் குரல் நடுங்கியது. எங்கள் ஊர்ப் பெண் தன் பிள்ளையைக் கூப்பிடும் விதத்தைவிட நல்ல தமிழ் எனக்குத் தெரியாது என்றேன். வீட்டில் தனியாக இருந்து எழுதியிருந்தால் அந்தப் பேச்சை நான் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே தெரியாமல் போயிருக்கும்.

பெண்களுக்கு இதில் இன்னொரு பாடு இருக்கிறது. கூட்டம் ஐந்து மணிக்கு முடியும் என்பார்கள், ஏழு மணிக்கு முடியும். பஸ் குறைந்துவிடும், வீட்டில் கேள்வி வரும். நல்ல எழுத்துக்காரிகள் பலர் இரண்டாவது தடவை வராமல் போனதற்குக் காரணம் இவ்வளவுதான். ஒழுங்கு செய்கிறவர்களிடம் நான் ஒவ்வொரு முறையும் மன்றாடிக் கேட்பது: பெண்கள் வாசிப்பதை முற்பகலில் வையுங்கள், சொன்ன நேரத்துக்கு முடியுங்கள். கடந்த இரண்டு வருடமாக எங்கள் சந்திப்புகளில் அப்படியே நடக்கிறது. வருகிற பெண்களின் தொகை கூடியிருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன்.

முல்லைக்காரர் ஐயா போன வருடம் காலமாகிவிட்டார். கதையின் திருத்திய பிரதியில் அவர் கைப்பட எழுதிய குறிப்புகள் என்னிடம் இருக்கின்றன. ‘இந்த இடம் சரி’ என்று ஓரிடத்தில். ‘இங்கே போடியார் தலைப்பாகையை அவிழ்ப்பார்’ என்று இன்னோரிடத்தில். அவர் ஒரு வரிகூட எழுதி அச்சில் வந்ததில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் படகில் வாவியைக் கடந்து, பஸ் பிடித்து, கேட்பதற்கென்றே வந்தவர்.

வரும் சனிக்கிழமை மட்டக்களப்பில் சந்திப்பு. இளம் ஆசிரியை வருவதாகச் சொல்லியிருக்கிறாள். இரண்டு கவிதைகளை ஐந்து பிரதி எடுத்துக்கொண்டு வா என்று சொன்னேன். ராத்தா மருதமுனையில் முதலே ஏறிவிடுவார். பஸ் களுவாஞ்சிகுடிக்கு வரும்போது யன்னலோர இருக்கையில் தன் பையை வைத்து எங்களுக்கு இடம் பிடித்திருப்பார். நாங்கள் உட்காருமுன்பே கையை நீட்டுவார்: “எங்கே தங்கச்சி, கதையைத் தாருங்கள். கல்லடிப் பாலம் வருவதற்குள் வாசித்துவிடுகிறேன்.”